உபதேசியார் பேத்தியின் சிங்கப்பூர் வாரம்

வெள்ளி

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். நாசரேத்திலிருந்து திருச்சிக்கு வந்து சேர அதைவிட அதிக நேரம் பிடித்தது. சாங்கி விமான நிலையத்தைப் பற்றிப் பலர் எழுதித் தள்ளிவிட்டார்கள். உள்ளே அருவி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. அத்தான் வந்து அழைத்துக்கொண்டு போனார். தோ பாயோவில் அடுக்குமாடி வீடு. அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். மீன் இங்கே வாங்கியது, கருவாடும் கருப்பட்டியும் நான் கொண்டுவந்தவை. சுங்கத்தில் யாரும் கேட்கவில்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே தேரிக்காட்டு ஊர் ஒன்றில், அதாவது செம்மணல் காட்டு ஊர் ஒன்றில், உபதேசியார்; போதகர் இல்லாத நாளில் ஊர்ச் சபையை நடத்துகிறவர். அதே ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தின் வாத்தியாரும் அவரே. அவர் வைத்திருந்த நோட்டுப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆராதனைக்கு வந்தவர் கணக்கு, பள்ளிக்கு வந்த பிள்ளைகள் கணக்கு, கைப்பிடி அரிசிக் காணிக்கைக் கணக்கு. கடைசிப் பக்கங்களில் ஊர்க்காரர்களுக்கு வந்த கடிதங்களின் பட்டியல்: யாருக்கு, எங்கிருந்து, என்று வந்தது, பதில் போயிற்றா. கொழும்பு, கண்டி, பினாங்கு, சிங்கப்பூர். தாத்தா திருநெல்வேலி ஜில்லாவைத் தாண்டியதில்லை. ஆனால் செராங்கூன் ரோடு என்ற முகவரியை அவர் பலமுறை எழுதியிருக்கிறார்.

அத்தான் இங்கே பிறந்தவர். அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சபை ஒன்றில் பிரசங்கம் செய்கிறவர். எங்கள் ஊரில் ஒரே ஆளாக இருந்த உபதேசியாரும் வாத்தியாரும் இந்த நகரத்தில் எப்படிப் பிழைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நானும் உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்தவள். எனவே இது முழுக்க முழுக்க பக்தி யாத்திரை அல்ல.

சனி

காலையில் தேக்கா. சந்தைக்குள் நுழைந்ததும் அக்கா பேரம் பேசத் தொடங்கிவிட்டாள்; நானும் அத்தானும் செராங்கூன் சாலையில் நடந்தோம். பூக்கடை, நகைக்கடை, பணம் அனுப்பும் கடை, மறுபடியும் பூக்கடை. தாத்தா எழுதிய கதவு எண்ணைத் தேடினேன். அந்த இடத்தில் வேறு கட்டடம், வேறு எண். கட்டடம் நின்றிருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி.

பிறகு சிலிகி சாலை வழியாக ஷார்ட் ஸ்ட்ரீட். பெயருக்கேற்றபடி குட்டித் தெரு. இதைப் பார்க்கத்தான் நான் ஆசைப்பட்டேன். 1885இல் மெதடிஸ்த மிஷனரி ஓல்டம் சிங்கப்பூர் வந்தார். அடுத்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி அமோய் ஸ்ட்ரீட் கடைவீடு ஒன்றில் பதின்மூன்று பையன்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளி தொடங்கியது. 1887இல் ஆஸ்திரேலியாவிலிருந்து சோஃபியா பிளாக்மோர் என்ற பெண் வந்து இறங்கினார். ஆகஸ்ட் மாதம் இந்த ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமிகளை வைத்துத் தமிழ்ப் பெண்கள் பள்ளி ஆரம்பித்தார். அதுதான் இன்று புக்கித் தீமா பக்கம் பெரிய வளாகத்தில் இருக்கும் மெதடிஸ்த பெண்கள் பள்ளி. இன்றைய மாணவிகளில் எத்தனை பேருக்கு அது தமிழ்ச் சிறுமிகளுக்காகத் தொடங்கியது என்று தெரியும் என்று கேட்டேன். "தெரியும் அம்மா, பள்ளி வரலாற்றில் சொல்லிக்கொடுப்பார்கள். அடுத்த மணி கணிதம்" என்றார் அத்தான்.

தெருவில் தமிழ் மெதடிஸ்த திருச்சபை இன்றும் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தேன். எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: இங்கேயும் பிரசங்கமும் பள்ளிக்கூடமும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டே வந்திருக்கின்றன. திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த நாள் முதல் அதே கதை. ஊருக்குள் நுழைய மிஷனுக்குப் பள்ளிக்கூடம்தான் வாசல். அதை உபகாரம் என்று சிலர் சொல்வார்கள், தூண்டில் என்று சிலர் சொல்வார்கள். படித்து வெளியே வந்தவர்கள் இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

அதே 1887இல்தான் மகுதூம் சாயபு சிங்கை நேசன் என்ற தமிழ் வார இதழை இங்கே தொடங்கினார் என்று அத்தான் சொன்னார். ஒரு முஸ்லிம் பெரியவர் பத்திரிகை நடத்துகிறார், ஓர் ஆஸ்திரேலியப் பெண் தமிழ்ச் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்துகிறார், இரண்டும் ஒரே ஆண்டில். வாசிக்கத் தெரிந்த கூட்டம் ஒன்று இந்த ஊரில் அப்போதே சேர்ந்துவிட்டது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து மாதா கோவிலுக்கும் போனோம். தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டியது. 1886இல் அடிக்கல், 1888இல் திறப்பு. பிரான்சு தேசத்து லூர்து ஆலயத்தின் சாயல். உள்ளே குளிர்ச்சி. வெயிலில் நடந்த காலுக்கு அதுவே போதும்.

ஞாயிறு

அத்தானின் சபையில் காலை ஆராதனை. சபையின் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

உள்ளே மூன்று வகை மனிதர்கள். இங்கேயோ மலேசியாவிலோ பிறந்த பழைய குடும்பங்கள் முன்வரிசையில், அவரவர் வழக்கமான இடத்தில். கணினி வேலைக்கு வந்த இளம் தம்பதிகள் நடுவில், பிள்ளைகளோடு. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் பையன்கள் கடைசியில், நன்றாகத் தேய்த்த சட்டையோடு. எங்கள் ஊர்க் கோவிலிலும் இடம் பிரிந்துதான் இருக்கும். அங்கே பிரிப்பது குடும்பமும் பழைய சண்டையும், இங்கே குடியுரிமையும் வேலை அனுமதியும். போதகர் இதைக் கவனித்திருக்கிறார் போலிருக்கிறது. வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் கடைசி வரிசைக்கு இறங்கிப் போய்ப் பெயர் சொல்லிக் கைகுலுக்கினார்.

பாட்டு வரிகள் திரையில் வந்தன. தமிழ் எழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே அதே தமிழ் ரோமன் எழுத்தில் ஒரு வரி. பக்கத்திலிருந்த பையன் இரண்டாவதைப் பார்த்துத்தான் பாடினான், சுருதி தப்பாமல். 2020 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு. ஆனாலும் தமிழ் இங்கே ஆட்சிமொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம். வேதத்தை வாசிப்பதற்காகவே எங்கள் தாத்தா எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். இங்கே எழுத்தை அரசாங்கம் சொல்லிக்கொடுக்கிறது, சபை அதைக் கடன் வாங்கிக்கொள்கிறது. கடன் போதவில்லை என்று திரை சொல்கிறது.

அத்தான் பிரசங்கம் நெகேமியா எட்டாம் அதிகாரம். எஸ்றா தெருவில் மேடை போட்டு நின்று நியாயப்பிரமாண புத்தகத்தை விடியற்காலம் தொடங்கி மத்தியானம் வரை வாசிக்கிறார். லேவியர்கள் ஜனங்களுக்கு அர்த்தம் சொல்கிறார்கள். அத்தான் அதிலிருந்து வேறெங்கும் ஓடவில்லை. மேடை எப்படி இருந்திருக்கும், எவ்வளவு சத்தமாக வாசித்திருக்க வேண்டும், புரியாதவன் யாரைக் கேட்டிருப்பான் என்று பாடம் நடத்துவது போலவே போனார். ஒரு கட்டத்தில் கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்காக நின்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆராதனையில் கேள்வி கேட்டால் பதில் சொல்லலாமா என்று சபையார் விழித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆசிரியர் எங்கே ஓய்வு பெறுகிறார்?

மதியச் சாப்பாடு கோவில் கூடத்திலேயே. எங்கள் ஊர் அசனத்துக்கு, அதாவது கோவில் விருந்துக்கு, ஈடில்லை என்றாலும், கோழிப் பிரியாணியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் நான் பார்க்க வந்ததைப் பார்த்தேன். பின்பக்க அறையில் அத்தான் ஊழியர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறார். புதுக்கோட்டை, இராமநாதபுரம், திசையன்விளை என்று பல ஊர்ப் பையன்கள். பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் அல்லர். பலகையில் வேலையிடத்துப் பாதுகாப்பு அறிவிப்புகளை எழுதிப்போட்டுச் சத்தமாக வாசிக்க வைத்தார். பிறகு ஒருவன் கைபேசியிலிருந்த சம்பளச் சீட்டைக் காட்டினான். சிங்கப்பூரில் 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். அடிப்படைச் சம்பளம், படி, மிகைநேரம், பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். மிகைநேரத்துக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு. அத்தான் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் கூட்டிக் காட்டினார். ஒரு பிடித்தம் எதற்கென்று எழுதவில்லை. "முதலில் எழுதிக் கேள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும்" என்றார். கேட்பதற்கான நான்கு வரியைப் பலகையிலேயே எழுதினார். மற்றவர்களும் அதைக் குறிப்பேட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

வகுப்பைத் தொடங்கும்போது ஜெபம் இல்லை, முடிக்கும்போதும் இல்லை. திரும்பும் வழியில் ஏன் என்று கேட்டேன். "காலையில் வந்தவன் பிரசங்கம் கேட்க வந்தான், மதியம் வந்தவன் பாடம் கேட்க வந்தான். இரண்டையும் கலக்கக்கூடாது" என்றார். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியது, அந்தப் பயமா என்றேன். சட்டம் இல்லாவிட்டாலும் கலக்கமாட்டேன் என்றார். அரசாங்கப் பள்ளியில் அத்தனை வருடமும் ஒருநாள்கூட வேதத்தைப் பற்றிப் பேசாத மனிதர். தாத்தாவின் பள்ளிக்கூடமோ ஜெபத்தோடு தொடங்கும், முதல் மணி வேதபாடம், பிறகுதான் வாய்ப்பாடு. தாத்தா இவரை அரைகுறை என்று சொல்லியிருப்பார். எனக்கு இவர் பக்கம்தான் சாய்வு. அதே நேரம், பாடம் கேட்க வேண்டுமானால் ஜெபத்துக்கும் நின்றாக வேண்டும் என்று வைத்த தாத்தாவிடம்தான் எங்கள் ஊரில் எல்லாரும் எழுத்துக் கற்றார்கள். அதையும் சொல்லாமல் விட முடியாது.

திங்கள்

செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். வெள்ளை வெளேரென்று புல்வெளி நடுவில். முந்தைய கோவிலை இரண்டு முறை இடி தாக்கியதால் அதை இடித்துவிட்டு 1856இல் இதைத் தொடங்கினார்கள். 1862 ஜனவரியில் பிரதிஷ்டை. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சுவர்ப் பூச்சு மதராஸ் சுண்ணம்: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசிக் காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். முட்டைக் கதையை எல்லாரும் ரசித்துச் சொல்கிறார்கள். வடிவமைத்த கர்னல் மெக்பர்சன் பெயரில் நகரத்தில் சாலையே இருக்கிறது. தேய்த்த கைகளின் பெயர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

எங்கள் பக்கமும் இதே கணக்குத்தான். மிஷனரிகளில் கால்டுவெல் 1841 முதல் இடையன்குடியில், போப் சாயர்புரத்தில், மர்காஷிஸ் 1876இல் நாசரேத்துக்கு வந்து 1908இல் இறக்கும்வரை அங்கேயே. பெரிய மனிதர்கள், சந்தேகமில்லை. கால்டுவெல்லுக்கும் போப்புக்கும் 1968இல் மெரினா கடற்கரையில் சிலையே வைத்துவிட்டார்கள். ஆனால் மிஷனரி ஐயர் (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்) குதிரையில் ஓர் ஊருக்கு வருவது எப்போதாவது ஒருமுறை. மற்ற நாளெல்லாம் ஊரை நடத்தியவர் உபதேசியார். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, கூட்டம் கூட்டமாகச் சபைக்கு வந்தவர்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தவர் அவர். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஜனங்கள் போனபோது, 1850களில், கூடவே அனுப்பப்பட்டவரும் அவர்தான்.

ஆங்கிலிக்கன் மிஷனில் இங்கே தமிழர், சீனர் சபைகளை நெடுங்காலம் நடத்தியவர் இலங்கையில் பிறந்த கோம்ஸ் ஐயர். 1872இல் வந்து 1902இல் இறக்கும்வரை. அவருக்குக் கீழே ஓடியாடிய உபதேசியார்கள் எத்தனை பேரோ.

மாலையில் காப்பிக் கடையில் அத்தான் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் ஜொகூரில் ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும். பல தோட்டங்களில் கங்காணியையோ கிராணி என்ற எழுத்தரையோ வாத்தியார் என்று நிறுத்திச் சட்டத்தை நிறைவேற்றிவிடுவார்கள். மாமா உண்மையிலேயே பாடம் நடத்தினார். ஞாயிறு அன்று அதே கொட்டகையில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜெபக்கூட்டம். "வெள்ளைக்காரத் துரைக்கு இரண்டும் ஒன்றுதான். பால்வெட்டுக்கு நேரத்துக்கு வந்தால் சரி" என்றார் அத்தான்.

செவ்வாய்

மழை. வெளியே போகவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

தாத்தாவின் ஒரு நாள் இப்படி இருந்தது. விடியுமுன் கோவில் மணி. பனையேறப் போகும் ஆண்கள் வந்து நின்று ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள். எட்டு மணிக்கு அதே கட்டடத்தில் பள்ளிக்கூடம். பெஞ்சு கிடையாது; சின்னப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள், பெரிய பிள்ளைகளுக்குச் சிலேட்டு. பதநீர்க் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அம்மாவோடு விறகு பொறுக்கவோ கருப்பட்டி காய்ச்சவோ போய்விடுவார்கள். அந்த மாதங்களின் வருகைக் கணக்கைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. இன்ஸ்பெக்டர் வந்து தலையை எண்ணினால்தானே கிராண்ட், அதாவது அரசு உதவிப்பணம். மத்தியானம் நோயாளிகள் வீடு, சண்டை நடந்த வீடு. சாயங்காலம் மறுபடியும் மணி, ஜெபம். சனிக்கிழமை பிரசங்கத்துக்கு ஆயத்தம். சம்பளம் கொஞ்சம் பணம். மீதியைக் கருப்பட்டியாகவும் நெல்லாகவும் சபையார் கொடுத்தால் உண்டு.

இதெல்லாம் உபதேசியார் வாழ்க்கை வரலாறுகளில் வருகிறதுதான். அவற்றில் வராதது கடிதம் வாசிக்கும் வேலை. சம்பளம் இல்லாத மூன்றாவது வேலை. கொழும்பிலும் மலாயாவிலும் இருக்கும் புருஷன் எழுதிய கடிதத்தைப் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்து கோவில் திண்ணையில் உட்காருவார்கள். தாத்தா வாசிப்பார், பதில் எழுதுவார், மணியார்டர் ரசீதைப் பார்த்துத் தொகை சரிதானா என்று சொல்வார். ஊரின் கடன், கள்ள உறவு, கோபம் எல்லாம் அவர் காதில். ஞாயிறு அன்று பிரசங்க மேடையில் நிற்பவரும் அவரே. ஒருமுறை கள்ளுக்கு எதிராகப் பிரசங்கம் செய்திருக்கிறார். மிஷன் ஊர்களில் வழக்கமான பிரசங்கம்தான். ஒரு பெண் கூட்டத்தில் எழுந்து, என் வீட்டுக் கடிதத்தை மேடையில் பேசுகிறீர் என்று சொல்லிவிட்டாள். அடுத்த இரண்டு மாதம் கள் என்ற பேச்சே பிரசங்கத்தில் இல்லை. வசனத்தையும் தலைப்பையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார், பாருங்கள். எல்லாம் ஊழியக்காரன் உவமைகளாகவே போகிறது.

அத்தானுக்கும் எனக்கும் இங்கேதான் வாக்குவாதம். தாத்தாவைப் பெரியவராக்கியது மேடை என்கிறார் அவர். கரும்பலகை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகு, இரண்டும் அல்ல, திண்ணைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. மற்றவனுக்கு வந்த காகிதத்தை அவனுக்காக வாசித்து, கூட்டாமல் குறைக்காமல் சொல்லி, வெளியே வாய் திறக்காமல் இருக்கிற வேலை. அதைச் செய்கிறவனை நம்பித்தான் ஊர் பிள்ளையை அனுப்பியது, ஜெபத்துக்கும் வந்தது. "நீ சொல்வது போஸ்ட் மாஸ்டருக்கும் பொருந்தும்" என்றார் அத்தான். பொருந்தாது. போஸ்ட் மாஸ்டர் வாசித்துக் காட்டமாட்டார்.

நோட்டில் 1942ஆம் வருடம் வருகிறது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதன்பிறகு பட்டியலில் பினாங்கும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. மூன்றரை வருடம். கடிதம் வராத வீடுகளின் பெயரை மட்டும் மாதா மாதம் எழுதி, எதிரே ஒரு கோடு. அதே பெயர்கள், அதே கோடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போன காலம் அது. தேரிக்காட்டுத் திண்ணையில் யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர் சிங்கப்பூரில் சரணடைந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்த வருடக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து முதல் கடிதம். ஏழு வீடுகளில் இரண்டு வீட்டுக்கு மட்டும் கோடு முடிகிறது.

இந்தப் பக்கங்களில் எழுத்து கொஞ்சம் உருண்டையாக இருக்கிறது. யுத்தக் காலத்துப் பேனாவாக இருக்கலாம்.

புதன்

பிடாடாரி. நோட்டில் ஒரு சாவுச் செய்தி இருக்கிறது, 1930களில். சிங்கப்பூரில் இறந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரை பிடாடாரி கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்ததாக. அந்தக் கல்லறைத் தோட்டம் 1972இல் மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை கல்லறைகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அடுக்குமாடி வீடுகளும் பூங்காவும். சில பிரபலமானவர்களின் கல்லறைக் கற்களை மட்டும் ஒரு சிறு தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர் பிரபலமானவர் அல்லர்.

இதைக் கேட்டு ஊரில் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. நிலம் இல்லாத ஊர். 1998 முதல் புதைப்பதே பதினைந்து வருடத்துக்குத்தான். எங்கள் பக்கம் நிலம் இருந்தும், ஐயர்மாருக்குக் கோவில் வளாகத்தில் பளிங்குக் கல், உபதேசியாருக்கு ஊர்க் கல்லறையில் மண்மேடு. தாத்தாவின் மேடு எது என்று எனக்குக் காட்டியவர்கள் இருவர்; இருவரும் வேறு வேறு மேட்டைக் காட்டினார்கள். பூங்காவில் குழந்தைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தானுக்கு முட்டி வலி. வீடு திரும்பிவிட்டோம்.

வியாழன்

நாளை காலை விமானம். பெட்டி கட்டும்போது அக்கா நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், ஆச்சியோடு வளர்ந்தவள். நான் பிறந்தபோது ஆச்சி இல்லை.

யுத்தக் காலப் பக்கங்களுக்கு வந்ததும் நின்றாள். "இது ஆச்சி எழுத்து."

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். எப்படிச் சொல்கிறாய் என்றார்.

"எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது யார்? ஆச்சி 'ழ'வுக்கு வால் இப்படித்தான் இழுப்பாள். நான் அதே மாதிரி இழுத்து, பள்ளிக்கூடத்தில் கொட்டு வாங்கியிருக்கிறேன்" என்றாள் அக்கா.

பிறகு அவள் சொன்னது இது. ஆச்சி நாசரேத்தில் போர்டிங்கில் படித்தவள். உபதேசியாருக்குப் பெண் தேடும்போது போர்டிங்கில் படித்த பெண்ணாகப் பார்த்துக் கட்டிவைப்பது அப்போதைய மிஷன் வழக்கம். ஒரு சம்பளத்தில் இரண்டு ஆள். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் வாசிப்பும் ஆச்சி பாடு. பிரசவம் பார்ப்பது ஆச்சி பாடு. கைப்பிடி அரிசியை அளந்து வைப்பதும் அவள்தான். யுத்தக் காலத்தில் தாத்தாவுக்கு மலேரியா வந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார். எழுந்தாலும் கை நடுக்கம் போகவில்லை. அப்போது மணி அடித்ததும் பள்ளிக்கூடம் நடத்தியதும் ஆச்சி. சாயங்கால ஜெபத்தைக்கூட அவளே வாசித்திருக்கிறாள். ஆண்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்த நாளில் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்து, ஆச்சி கதவோரம் நின்றுகொண்டாளாம்.

"கடிதம்?" என்றேன்.

"பெண்கள் ஆச்சியிடம்தான் கொடுப்பார்கள். புருஷன் எழுதியதை இன்னொரு ஆம்பிளை வாயால் யார் கேட்பார்கள்? அந்தக் கள்ளுப் பிரசங்கச் சண்டைக்குப் பிறகு தாத்தாவிடம் ஒருத்தியும் கொண்டுபோகவில்லை என்று ஆச்சியே சொல்லியிருக்கிறாள்."

அத்தான் இதை அப்படியே ஏற்கவில்லை. 'ழ'வின் வாலை வைத்து வரலாறு எழுத முடியாது என்றார். ஆச்சியின் எழுத்து வேறெங்காவது இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். அக்கா அலமாரியைக் குடைந்து பழைய வேதாகமத்தை எடுத்தாள். முன்பக்கத்தில் பிள்ளைகளின் பிறப்பும் ஞானஸ்நானமும் வரிசையாக எழுதியிருக்கின்றன. எழுதியது யார் என்று அதில் கையெழுத்து இல்லை. எழுத்து உருண்டைதான். அத்தான் இரண்டையும் விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "அறுபது மதிப்பெண் போடலாம்" என்றார். அக்கா எண்பது கேட்டாள்.

கைபேசியில் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டேன். ஊருக்குப் போனதும் சேகர அலுவலகத்தில், அதாவது பல ஊர்ச் சபைகளுக்குப் பொதுவான திருச்சபை அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தின் பழைய வருகைப் பதிவேடுகளைக் கேட்க வேண்டும். 1942, 43, 44. பதிவேட்டில் கையொப்பம் தாத்தாவுடையதாகத்தான் இருக்கும். தினமும் பிள்ளைகள் பெயருக்கு எதிரே வருகையைக் குறித்த கை யாருடையது என்று பார்க்க வேண்டும்.